செம்பருத்தியும் அதன் சுற்றமும்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வேலியில் மலர்ந்திருக்கும் செம்பருத்தியை நம் பிள்ளைகள் புங்கா ராயா என்கின்றனர்; ஆங்கில வகுப்பில் ஐபிஸ்கஸ் என்கின்றனர். 1960-இல் இந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்றது அதுவே. எனினும் அம்மலரின் உறவினர் யார் என்பதைச் சொல்லும் பெயர் பாட்டி வழங்கிய செம்பருத்திதான்.

மலரைக் கையிலெடுத்துப் பார்ப்போம். நடுவே நீண்டிருப்பது ஒற்றைக் காம்பன்று. எண்ணற்ற மகரந்தத் தாள்களின் இழைகள் ஒன்றாய் இணைந்து குழலாகியுள்ளன. அக்குழலினுள்ளே சூல்தண்டு ஓடி, நுனியில் ஐந்து சூல்முடிகளாய்ப் பிரிகிறது. பச்சைப் புல்லிகளுக்குக் கீழே புறப்புல்லி என்னும் மற்றொரு வட்டம் உண்டு. மொட்டில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் திருகிக் கிடக்கும். இலையைக் கசக்கினால் வழவழப்பு. அதைத்தான் நம் வீட்டுப் பெண்டிர் தலைக்குத் தேய்த்தனர்.

கிள்ளான் சந்தையில் வாங்கும் வெண்டைக்காயின் வழவழப்பும் இதுவே. வெண்டையின் மஞ்சள் மலரிலும் அதே குழல் உண்டு. பருத்தி, துத்தி, கடலோரப் பூவரசு எல்லாவற்றிலும் அதனைக் காணலாம். ஆகவே பாடநூல்கள் மால்வேசி என்று ஒலிபெயர்ப்பதைப் பருத்திக் குடும்பம் என்றே நாம் வழங்கலாம். பிள்ளை கேட்டவுடன் பொருள் விளங்கும். ஒன்று மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்: வேலிப்பருத்தி பெயரளவிலேயே பருத்தி; அது எருக்கின் இனம்.

இச்சுற்றம் இன்று முன்னிலும் பெரிது. கிளி காத்த இலவமும், நாம் தெருவோரக் கடையில் பேரம் பேசும் டுரியானும் முன்னர் வேறு குடும்பமாக எண்ணப்பட்டவை. மரபணு ஆய்வுகளையொட்டி 1998-இல் அறிஞர் குழுவொன்று வெளியிட்ட வகைப்பாடு அவற்றை இதனுடன் சேர்த்தது. டுரியான் மலரில் தாள்கள் ஒரே குழலாகாமல் ஐந்து கற்றைகளாய் நிற்கும். மாலையில் விரியும் அம்மலரைத் தேனுண்ணும் வௌவால்கள் நாடி வந்து மகரந்தம் சேர்க்கின்றன. அவ்வௌவால்களுள் ஓரினம் பத்துமலைக் குகையிருளில் உறங்குவது. தைப்பூசத்தில் அம்மலையேறும் நம்மில் எத்தனை பேர் அவற்றை எண்ணியிருப்போம்!

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பிற்கு ஐந்திதழ்ச் செம்பருத்தியையே எடுத்துச் செல்லுங்கள். அடுக்குச் செம்பருத்தி அழகியதே. ஆனால் அதில் தாள்கள் பல இதழ்களாய் மாறிவிடுவதால், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய குழல் தெளிவாய்த் தெரியாது.