பெண்ணையாற்றுக்கு நாமே தலைமடை

(பொம்மனஹள்ளி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் குடியிருக்கும் இந்த வட்டாரத்தின் சரித்திரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரித்திரம் என்றதும் நம் இளைஞர்கள் இராசராச சோழனைக் கையோடு அழைத்து வந்துவிடுகிறார்கள். சோழர் இந்தக் கங்கபாடியைப் பிடித்தது உண்மை. கோலாரம்மன் கோயிலிலும் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதும் உண்மை. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற பேகூர் நாகேஸ்வரர் கோயிலுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட வீரக்கல் ஒன்று 'பெங்களூர்ச் சண்டை' என்று பேசுகிறது. கெம்பேகவுடர் 1537-இல் கோட்டை கட்டுவதற்கு 600 வருஷத்துக்கும் முந்தைய எழுத்து அது. நாம் ஒரு கல்லைக் காட்டினால் அவர்கள் ஒரு கல்லைக் காட்டுவார்கள். சோழன் படையெடுத்தது கூலிக்காரனுக்கு எந்தப் பட்டாவும் வாங்கித் தராது.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்த எல்லை எப்படி வந்தது? 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போயின. 1799-இல் திப்பு மாண்டதும் ஓசூர்ப் பக்கமும் போயிற்று. சண்டையில் கிடைத்த பங்கு அது. மக்கள் என்ன பாஷை பேசினார்கள் என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? 1956-இல் ராஜ்யங்களைப் பிரித்தபோதும் ஓசூர் சென்னையோடு நின்றது. அங்கே இன்றும் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கின்றன.

இனி ஆற்றுக்கு வருகிறேன். பெங்களூர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும்? நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணையைக் கன்னடத்தில் தட்சிண பினாகினி என்பார்கள். ஒசகோட்டை வழியாக இறங்கி, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணை கண்டு, கடலூரருகே கடலில் விழுகிறது. நம் பக்கத்துச் சாக்கடை மடிவாளா, அகரம் ஏரிகளின் வழியே பெள்ளந்தூருக்கும் வர்த்தூருக்கும் போய், இந்த ஆற்றில்தான் கலக்கிறது. 2017-இல் பெள்ளந்தூர் ஏரியிலே தீப்பிடித்ததே, மறந்துவிட்டீர்களா? அங்கே பொங்கும் நுரை கெலவரப்பள்ளி மதகிலும் பொங்குகிறது. அதைத்தான் ஓசூர் விவசாயி வயலுக்குப் பாய்ச்சுகிறான். இந்தக் கூட்டத்தில் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் ஜில்லாக்காரர்கள் எத்தனை பேர்! உங்கள் அண்ணன் தம்பி நிலத்துக்குப் போகிற தண்ணீர் ஐயா இது.

காவிரித் தகராறு வந்தால் நம்மை எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். 1991 டிசம்பரில் நம்மவர் குடிசைகள் எரிந்தன. 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தன. அந்த ஆற்றுக்கு நாம் கடைமடைக்காரர்களின் சொந்தம். பெண்ணைக்கோ நாமே தலைமடை. கன்னடக்காரர் வீட்டுச் சாக்கடையும் நம் வீட்டுச் சாக்கடையும் ஒரே கால்வாயில் ஓடும்போது, அதைச் சுத்தம் செய்யக் கேட்கவும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போக வேண்டும்.

பொம்மனஹள்ளி தனி நகரசபையாக இருந்து, 2007-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. வரி வாங்க வருகிறவர்கள், பாதாளச் சாக்கடை இல்லாத சந்துகளுக்கும் வரட்டும். சுத்திகரிக்காத கழிவை ஏரியில் விடுவதை நிறுத்தட்டும். இதுதான் மனு. வரும் ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கையெழுத்துக்கு வருவோம். மனு கன்னடத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, முழுக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.