பரலும் பாலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“உங்கள் தொழிலைப் பற்றிச் சிறிது பேசுங்கள்” என்று விழாக் குழுவினர் எம்மைப் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். நூலாசிரியர்க்கு மேடை உண்டு. பதிப்பாளர்க்குப் பெயர் உண்டு. எம் தொழிலோ பெயர் தெரியாதவரைதான் சிறப்பு. நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவதும், அந்நூல்களுக்கே படமும் அட்டையும் வரைவதும் எமது வாழ்க்கை. “பிழையே உமக்குப் பிழைப்பு” என்று நண்பர் ஒருவர் நகையாடுவார். அது முழு உண்மை.

எந்த அலுவலகத்தும் யாம் பணியாளர் அல்லோம். காலையில் அல்சூர் ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்து, திருவள்ளுவர் சிலைக்கு ஒரு வணக்கம் செலுத்தி, வீடு திரும்பி மேசை முன் அமர்வோம். நண்பகல் வரை சிவப்பு மை, பிற்பகலில் தூரிகை. பக்கக் கணக்கில் கூலி. அதுவும் நூல் வெளிவந்த பின்னரே கைக்கு வரும். “எப்போதும் வீட்டிலேயே இருக்கிறீர்களே, வேலை ஒன்றும் இல்லையா?” என்று அண்டை வீட்டு அம்மையார் பரிவோடு வினவுவார். கன்னட நண்பர்கள் மெய்ப்பினைக் ‘கரடு’ என்கின்றனர். தமிழில் கரடு என்றால் மேடுபள்ளம். எம் தொழிலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை.

இத்தொழில் இழிவானதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவி, பிழையற்ற பதிப்பு என்பதற்கே ஓர் இலக்கணம் வகுத்தார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும் வெளியிட்டார். மெய்ப்புகளைத் தாமே கண் விழித்துப் பார்த்தார். ஓவியத் துறையிலும் வழிகாட்டிகள் உளர். நம் மைசூர் நாட்டு வேங்கடப்பா, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, நூல்களுக்குப் படம் வரைந்தவர். அவர் பெயரால் இந்நகரில் ஓவியக் கூடம் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆதிமூலம் அவர்கள் நூல் அட்டைகளுக்கும் இதழ்களின் தலைப்புகளுக்கும் எழுத்துகளையே ஓவியமாக்கினார். இப்பெரியோர் சென்ற வழியின் ஓரத்தில் யாமும் ஒதுங்கி நடக்கின்றோம்.

நிற்க. அண்மையில் யாம் செய்த ஒரு பணியையும், அதில் யாம் இழைத்த ஒரு பிழையையும் இங்கே சொல்ல விரும்புகின்றோம்.

சிறுவர்க்கென எழுதப்பட்ட பழைய சிலப்பதிகார உரைநடை நூல் ஒன்றை மறுபதிப்பாகக் கொண்டுவர ஒரு சிறு பதிப்பாளர் முன்வந்தார். மெய்ப்பும் படமும் எம் பொறுப்பு. முன்னாளில் என்றால் அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். இன்று பழைய நூலின் பக்கங்களை நிழற்படமாக எடுத்துக் கணினியிடம் கொடுத்தால், அது எழுத்துகளை அடையாளம் கண்டு தானே தட்டச்சிட்டுத் தருகிறது. விரைவில் முடிகிறது. ஆனால் அதற்கும் சில எழுத்துகள் மயங்குகின்றன. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது; அதற்கு முற்பட்ட நூல்களில் றா, னா, லை, னை போன்றவை வேறு வடிவில் இருக்கும். அங்கே கணினி தடுமாறும்.

அதனினும் பெரிய மயக்கம் ‘ர’ என்னும் எழுத்துக்கும் ‘ா’ என்னும் காலுக்கும் இடையே உள்ளது. ஓலைச்சுவடிகளில் இவ்விரண்டும் ஒரே வடிவம். புள்ளியும் இடாமல் எழுதுவது வழக்கம். இடம் நோக்கியே எழுத்தை உணர்ந்தனர் நம் முன்னோர். அச்சில் வந்த பின்னும் பழைய எழுத்துகளில் இரண்டிற்கும் வேறுபாடு ஒரு சிறு சாய்கோடே. மை சற்றுத் தேய்ந்திருந்தால் அக்கோடும் மறைந்துவிடும்.

பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை உடைக்கும் இடம் உங்கள் அனைவர்க்கும் தெரியும். அரசியின் சிலம்பில் இருந்தது முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல். அந்தப் பரல்தான் வழக்கின் சான்று. கோவலன் கள்வன் அல்லன் என்பதை உலகுக்குச் சொன்னது அதுவே. எம் நூலில் ‘பரல்’ என்பதன் ரகரம் காலாகி, அது ‘பால்’ என்று ஆகிவிட்டது. பால் என்பதும் நல்ல தமிழ்ச் சொல்லே. ஆகவே கணினியின் சொற்பிழை திருத்தியும் அதைச் சுட்டவில்லை. யாம் மூன்று முறை படித்தோம். மூன்று முறையும் தவறவிட்டோம்.

காரணம் என்ன? கண் சோர்ந்தது என்று சொல்லலாம். மறுநாள் அட்டைப்படம் கொடுக்க வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். ஆனால் உண்மைக் காரணம் வேறு. எமக்குக் கதை தெரியும். தெரிந்த கதையாதலால், தாளில் இருந்ததை யாம் படிக்கவில்லை. நெஞ்சில் இருந்ததைப் படித்தோம்.

நூல் ஐந்நூறு படிகள் அச்சாயின. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சில படிகளைக் கொடுத்தோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எம்மிடம் வந்தாள். பள்ளியில் அவள் கற்பது ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் எழுத்தை இங்கேதான் கற்கிறாள். விரலை வரியின் மேல் வைத்து, “தாத்தா, சிலம்புக்குள் பால் எப்படி இருக்கும்? நடந்தால் கொட்டிவிடாதா?” என்று கேட்டாள்.

எமக்கு நா எழவில்லை. அவளுக்குக் கதை தெரியாது. ஆகையால் எழுத்தை எழுத்தாகவே படித்தாள். இத்தனை ஆண்டுப் பழக்கம் காணாததை எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு குழந்தை கண்டுவிட்டது.

பதிப்பாளர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அது கடிந்ததனினும் வருத்திற்று. ஒரு சிறு தாளில் திருத்தத்தை அச்சிட்டு, அதன் ஓரத்தில் உடைந்த சிலம்பும் சிதறிய பரல்களும் யாமே வரைந்து, எம் செலவில் எல்லாப் படிகளிலும் ஒட்டுவதென முடிவு செய்தோம். காலனியின் தாய்மார்களும் பிள்ளைகளும் மூன்று மாலைப்பொழுது உடனிருந்து ஒட்டினார்கள். முன்பே கொடுத்த படிகளைத் தேடி அல்சூரிலும் மர்பி டவுனிலும் வீடு வீடாகச் சென்றோம். ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர், “அச்சில் வந்ததும் தவறாக இருக்குமோ?” என்று வியந்தார். இருக்கும், அம்மா. அச்சில் வந்தது என்பதற்காகவே நம்பிவிடுவார்களே என்பதுதான் எம் அச்சம்.

அன்று முதல் அச்சிறுமி ஞாயிறுதோறும் எம் வீட்டிற்கு வருகிறாள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலப்படியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மெய்ப்புத் திருத்தத்தின் மிகப் பழைய முறை. அவள் படிக்கின்றாள், யாம் பார்க்கின்றோம். புரியாத இடத்தில் அவள் நிறுத்துவாள். அவள் நிறுத்தும் இடங்களுள் பாதியில் பிழை இருக்கிறது. மறுபாதியில் அவள் ஒரு புதிய சொல்லைக் கற்றுக்கொள்கிறாள். இருவர்க்கும் ஊதியம்தான்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இந்நகரில் நம் பிள்ளைகளுள் பலர்க்குத் தமிழ் பேச்சில் இருக்கிறது, எழுத்தில் நழுவிக்கொண்டிருக்கிறது. கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் பள்ளி பார்த்துக்கொள்ளும். தமிழுக்கு வீடு ஒன்றே பள்ளி. நாள்தோறும் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், பிள்ளையை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தால் நகையாதீர்கள். “இது என்ன?” என்று கேட்டால், “எல்லாம் சரியாகத்தான் இருக்கும், மேலே படி” என்று சொல்லாதீர்கள். உடன் அமர்ந்து அவ்வரியைப் பாருங்கள்.

படிப்பவர் இருக்கும்வரைதான் பிழை பிழையாகும். படிப்பவரே இல்லையெனில், சிலம்பில் பரல் இருந்தால் என்ன, பால் இருந்தால் என்ன? கேட்க ஆள் இராது. அந்நிலை வராமல் காப்பது எம் சிவப்பு மையால் மட்டும் ஆகக்கூடியதன்று. அது உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டிய வேலை.

இம்மலரின் மெய்ப்பையும் யாமே பார்த்திருக்கின்றோம். பிழை இருப்பின், உங்கள் குழந்தைகளே வந்து சொல்லட்டும். காத்திருக்கின்றோம்.