எங்கள் பரம்பரையில் கிடையாதே!

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 246 இருந்தது. 190 அல்லது அதற்கு மேல் இருந்தாலே பரம்பரைக் கோளாறாக இருக்குமோ என்று பார்க்க வேண்டுமாம். அப்போது என் அப்பா, அம்மா இருவரும் இருந்தார்கள். இருவருக்கும் பரிசோதித்தோம், அளவு சரியாக இருந்தது. "அப்படியானால் பரம்பரை இல்லை" என்று நானே முடிவு கட்டிவிட்டேன். என் மகளுக்குப் பார்க்கவே இல்லை.

9 வருடம் கழித்து அவளுக்கு அலுவலகத்தில் எடுத்த பரிசோதனையில் 228. பிறகு மரபணுச் சோதனை செய்தபோது இருவருக்கும் ஒரே பிழை!

எப்படி? ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் நம் கல்லீரல் செல்களில் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணுவில் பிழை இருந்தால், பிறந்ததிலிருந்தே கொலஸ்ட்ரால் தேங்கும். எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதாது.

பெரும்பாலும் இந்தப் பிழை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. மிக அபூர்வமாக, கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாகவும் உண்டாகும். கம்ப்யூட்டருக்கு முன்பு நாங்கள் பழைய லெட்ஜரிலிருந்து புதியதற்குக் கையால் இருப்பை எடுத்து எழுதுவோம். பழைய லெட்ஜர் சரியாகவே இருக்கும். எழுதும்போது ஓர் எண் மாறிவிடும். பிறகு அந்தத் தப்பே அடுத்த லெட்ஜருக்கும் போகும். என் கதையும் அதுதான். பிழை என்னிடம் புதிதாக வந்திருக்கலாம். ஆனால் என் பிள்ளைக்கு அது பரம்பரைதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உண்டு. நம் வளாகத்தில் 600 பேருக்கு மேல் இருக்கிறோம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்காவது சிறு வயதிலேயே மாரடைப்போ, மிக அதிக எல்.டி.எல்.லோ இருந்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் பாருங்கள். பெற்றோருக்கு இல்லை என்பதற்காகப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான். தெரிந்துவிட்டால் மாத்திரை இருக்கிறது.

மகள் டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போது அளவு 100-க்குள். பேரனுக்கு வயது 9. அடுத்த வாரம் அவனுக்குப் பார்க்கப் போகிறோம். இந்த முறை நான் முடிவு கட்டவில்லை.