கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் முனைவோர் அமர்வில் பேசியது)



முறுக்கு, தட்டை, அதிரசம் போடுகிற தொழில் குழு ஒன்றைப் பன்னிரண்டு வருடமாக நடத்தி வருகிறேன். ஏழு பேராக ஆரம்பித்தோம், இப்போது பதினோரு பேர். "தொழிலைப் பத்திப் பேசுங்கக்கா" என்று கேட்டார்கள். லாப நட்டக் கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம், பாக்கெட் லேபிள் இதெல்லாம் பயிற்சி வகுப்பில் நமக்கு நிறையவே சொல்லிவிட்டார்கள். அதனால் நான் பாட்மிண்டன் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, கடைசியில் முறுக்குக்குத்தான் வருவேன்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பி.வி. சிந்துவும் ஸ்பெயின் நாட்டுப் பெண் கரோலினா மரினும் மோதிய இறுதி ஆட்டம். முதல் ஆட்டத்தை 21-19 என்று சிந்து எடுத்ததும் எங்கள் தெருவே கத்தியது. அடுத்த இரண்டையும் மரின் எடுத்துவிட்டார். அவருக்குத் தங்கம், நம் பெண்ணுக்கு வெள்ளி. எல்லோரும் சிந்துவையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். என் கண் மட்டும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ப்போய் நின்றது.

அவர்தான் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்த். அவரே 2001-ல் ஆல் இங்கிலாந்து போட்டியில் சாம்பியன் ஆனவர். எந்தப் பந்தை எங்கே அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாததா? ஆனாலும் உள்ளே இறங்க முடியாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் 11 புள்ளி எடுத்ததும் 60 விநாடி இடைவேளை, ஒரு ஆட்டம் முடிந்ததும் 120 விநாடி. பக்கத்தில் நின்று பேச அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கோட்டுக்கு வெளியே, நாற்காலியில்.

இப்போது நம் பக்கம் பாருங்கள். நம் தொழில் குழுக்களில் தலைவி எப்படி இருக்கிறார்? "மாவு பதம் நான்தான் பார்க்கணும், எண்ணெய் காய்ச்சல் நான்தான் பார்க்கணும், கடைக்காரர்கிட்ட பாக்கி வாங்க நான் போனாத்தான் காசு வரும்." இதைப் பெருமையாகச் சொல்கிற அக்காக்கள் இந்த ஹாலிலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அக்காவுக்கு டெங்கு வந்தால் அடுப்பு எரியாது. மகள் பிரசவத்துக்கு இரண்டு மாதம் போனால் கடைக்காரர் வேறு சரக்குக்கு மாறிவிடுவார். வங்கித் தவணை மட்டும் டெங்குவையும் பார்க்காது, பிரசவத்தையும் பார்க்காது. நம் வட்டாரத்தில் நின்றுபோன தொழில்களை எண்ணிப் பாருங்கள். சரக்கு விற்காமல் நின்றவை கொஞ்சம்தான். ஒரே ஒரு ஆள் படுத்ததால் நின்றவைதான் அதிகம்.

அந்த 60 விநாடியை நான் எங்கள் யூனிட்டுக்கு எடுத்துக்கொண்டேன். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் ஒரு நிமிஷம் எல்லோரும் நிற்போம். ஒரே ஒரு விஷயம்தான் பேசுவோம். "நேத்து தட்டையில கடலைப்பருப்பு ஊறல, கடிக்க முடியல. இன்னைக்கு அரை மணி முன்னாடியே ஊறப் போட்டுடுங்க." முடிந்தது. போன தீபாவளிக்கு யார் உப்பைக் கூடப் போட்டது, யாருடைய மாமியார் என்ன சொன்னார், எதுவும் அந்த நிமிஷத்தில் வராது. 11 புள்ளியில் நிற்கிற பெண்ணிடம் போன வருடத் தோல்வியைப் பேசிக்கொண்டிருந்தால் ஆட்டம் என்ன ஆகும்?

இன்னொரு பயிற்சியாளர் கதையும் உண்டு. அமெரிக்காவில் ஜான் வுடன் என்று ஒருவர், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். 12 வருடத்தில் 10 முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் முதல் நாள் என்ன சொல்லித் தருவாராம் தெரியுமா? காலுறை போடுவது எப்படி என்று! ஆறடிக்கு மேல் வளர்ந்த பையன்களை உட்காரவைத்து, காலுறையில் சுருக்கம் இல்லாமல் நீவிவிடச் சொல்வார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சிக்கு வர முடியாது, அவ்வளவுதான் காரணம். அந்த முதல் பட்டம் கிடைத்தது 1964-ல். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1948-ல். ஆறு மாதத்தில் லாபம் வரவில்லை என்று குழுவைக் கலைக்கப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டு வருடங்களையும் கொஞ்சம் கழித்துப் பாருங்கள்.

எங்களுக்குக் காலுறை என்றால் முறுக்கை ஆறவைப்பது. சூடு அடங்காமல் பாக்கெட்டில் போட்டு ஒட்டினால் உள்ளே ஆவி வேர்க்கும், நாலாம் நாள் நமுத்துப் போகும். கடைக்காரர் மாவைக் குறை சொல்வார், நாம் அரிசியைக் குறை சொல்வோம், யாரும் அந்த ஆவியைப் பார்க்க மாட்டோம். புதிதாக வருகிற பெண்ணுக்கு நாங்கள் முதல் நாள் முறுக்கு பிழியச் சொல்லித் தருவதில்லை. தட்டில் பரப்பி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு போய்விட்டதா என்று சொல்லப் பழக்குகிறோம்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா அவ தனியாப் போய்க் கடை வெச்சிடுவாளே" என்ற பயம். கைப்பக்குவத்தை நாம் பூட்டி வைப்பதற்கு இதுதான் காரணம். வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் அதுதான்.

அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருந்தாள். வந்த புதிதில் பாத்திரம் துலக்குவாள், லேபிள் ஒட்டுவாள். அதிரசத்துக்குப் பாகு பதம் அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டினால் உருள வேண்டும், அந்தப் பதம். மூன்று வருடம் இருந்தாள். பிறகு வீட்டுக்காரர் ஊருக்குப் போய்த் தனியாக ஆரம்பித்துவிட்டாள். வாரம் 15 கிலோ எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த கடை ஒன்று அவளிடம் போனது, இன்றுவரை திரும்பவில்லை. "பதத்தைச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, நல்லா அனுபவிங்க" என்று குழுக் கூட்டத்திலேயே கேட்டார்கள்.

கோபிசந்துக்கும் இது நடந்திருக்கிறது. சாய்னா நேவால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது அவரிடம்தான் பயிற்சி. 2014-ல் சாய்னா அவரை விட்டுப் பெங்களூருக்கு வேறு பயிற்சியாளரிடம் போய்விட்டார். போன அடுத்த வருடமே உலகின் முதல் இடத்துக்கும் வந்தார். மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் ஹைதராபாத் அகாடமி படுத்துவிடவில்லை. ஏனென்றால் அங்கே சிந்து இருந்தார், ஸ்ரீகாந்த் இருந்தார், பின்னால் இன்னும் பல பிள்ளைகள் இருந்தார்கள். ரியோ வெள்ளி அதற்குப் பிறகு வந்ததுதான். 2017-ல் சாய்னா திரும்பி வந்தார், கோபிசந்தும் சேர்த்துக்கொண்டார். 2018 காமன்வெல்த் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றது சாய்னாவும் சிந்துவும்.

ஆக, ஒருத்திக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் அவள் போகும்போது தொழிலும் கூடவே போகும். எங்கள் குழுவில் பாகு பதம் இன்று நான்கு பேருக்குத் தெரியும். கை அளவு, கண் அளவு என்று இருந்ததைத் தராசில் நிறுத்து கிராம் கணக்கில் நோட்டில் எழுதிவிட்டோம். என் மாமியார் 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். 300 கிலோ ஆர்டர் கையில் இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து போனில் மட்டும்தான் பேசினேன். சரக்கு சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. அந்தத் தங்கச்சியோடும் பேச்சு நிற்கவில்லை. இப்போது வெல்லம் மொத்தமாக எடுக்கும்போது அவளும் எங்களோடு சேர்ந்துதான் எடுக்கிறாள், மூட்டைக்கு விலை குறைகிறது.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகாடமிக்கு அரசு நிலம் கொடுத்தாலும் கட்டிடத்துக்குக் காசு போதாமல் கோபிசந்த் குடும்பம் சொந்த வீட்டை அடமானம் வைத்தது. பிறகு ஒரு தொழிலதிபரும் கை கொடுத்தார், 2008-ல் அகாடமி திறந்தது. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க! நான் சொல்ல வந்தது, வாங்கிய காசு ஆடுகளத்துக்குப் போனது. நம்மில் தொழில் கடனில் பாதி காதுகுத்துக்குப் போய்விடுகிறது. காதுகுத்துக்கு உள்கடன் இருக்கிறது, அதில் எடுங்கள், தீர்மானத்தில் அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று, சிலருக்குக் கோபம் வரலாம். ரியோவில் மேடை ஏறி மெடல் வாங்கியது சிந்து, கோபிசந்த் ஏறவில்லை. நம்மிடம் சரஸ் மேளா என்றால் தலைவி, கண்காட்சி என்றால் தலைவி, கலெக்டரோடு போட்டோ என்றாலும் அதே தலைவி. ஐந்து வருடமாக அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு வாங்குகிறவரின் முகமே தெரியாது. எங்கள் குழுவில் ஸ்டாலுக்குப் போவது முறை வைத்துத்தான். முதல் தடவை போனவள் சில்லறை கொடுப்பதில் தடுமாறினாள், உண்மைதான். ஆனால் "காரம் கம்மியா சின்னப் பசங்களுக்கு இருக்கா?" என்று மூன்று பேர் கேட்டதை வந்து சொன்னதும் அவள்தான். காரமில்லாத முறுக்கு இன்று எங்களுக்கு நன்றாகப் போகிறது.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். தொழில் கடன் விண்ணப்பம் வரும்போது "தலைவி ஒரு மாதம் இல்லாவிட்டால் யார் நடத்துவார்கள்?" என்ற கேள்வியையும் கேட்டு, இரண்டு பேருடைய பெயரை எழுதி வாங்குங்கள். பெயர் எழுத ஆள் இல்லை என்றால் கடனை மறுக்க வேண்டாம். அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேரை எங்கள் யூனிட்டுக்கு ஒரு வாரம் அனுப்புங்கள். சனி, ஞாயிறு தவிர எந்த நாளும் வரலாம். காலை ஆறு மணிக்கு அடுப்புப் பற்றவைப்போம், அந்த ஒரு நிமிஷப் பேச்சையும் கேட்க வேண்டுமானால் ஆறுக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள்.