எல்லாருக்கும் ஒரே கட்டளை

2010-ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில், சில்வான் மார்ட்டெல் குழுவினரின் ஆய்வகத்தில் சுமார் 5,000 பாக்டீரியாக்கள் நுண்ணிய கற்களைத் தள்ளிச் சேர்த்து ஒரு குட்டிப் பிரமிடைக் கட்டின. உடலுக்குள் காந்தத் துகள்கள் கொண்ட பாக்டீரியாக்கள் அவை. காந்தப்புலத்தைத் திருப்பினால் அத்தனையும் அந்தப் பக்கமே நீந்தும். ஒன்றை மட்டும் தனியே கூப்பிட்டு வேலை சொல்ல வழியில்லை.

இப்படிப்பட்ட கூட்டங்களின் சிக்கலைத்தான் ஆரன் பெக்கர், எரிக் டிமெய்ன், ஷாண்டோர் ஃபெகெட்டே முதலானோர் 2013-இல் கணக்காக்கினார்கள். கட்டம் போட்ட பலகை, அதில் ரோபோக்கள், அசையாத தடைகள். கட்டளைகள் நான்கே: மேல், கீழ், இடம், வலம். கட்டளை வந்ததும் எல்லா ரோபோக்களும் ஓடும். எதிலாவது முட்டினால்தான் நிற்கும். தட்டைச் சாய்த்தால் கோலிக்குண்டுகள் உருளுமே, அப்படி.

தடையோ சுவரோ இல்லாவிட்டால் ரோபோக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. ஒரே ஒரு தடை வரட்டும், கதை மாறிவிடும். ஒன்றின்கீழ் ஒன்றாக, முதல் கட்டத்தில் இரண்டு ரோபோக்கள் நிற்கின்றன. மேல் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் தடை. 'வலம்' என்றதும் மேலே உள்ளது இரண்டாம் கட்டத்தோடு நின்றுவிடும். கீழே உள்ளது பலகையின் ஓரச் சுவர்வரை போய்விடும்.

தடைகளை நாமே வைக்கலாம் என்றால், ரோபோக்களை விரும்பியபடி இடம் மாற்றி அடுக்கலாம். தடைகள் ஏற்கெனவே கிடக்கும் பலகையைக் கொடுத்து, 'இவற்றை இந்த நிலைக்குக் கொண்டுவர முடியுமா?' என்று கேட்டால்தான் திணறல். 20 கட்டளைகளை அடுக்கவே ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட விதங்கள் உண்டு. எல்லாப் பலகைக்கும் பொருந்தும் வேகமான குறுக்குவழி இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்காது என்பதே பெரும்பாலான நிபுணர்களின் கணிப்பு.

ஏன் இவ்வளவு கடினம்? அந்தப் பலகையே ஒரு கணினியாக முடியும், அதனால்தான்! ரோபோ ஒரு தடத்தில் வந்தால் 'ஆம்', பக்கத்துத் தடத்தில் வந்தால் 'இல்லை'. முன்னால் வந்தது ஒரு மூலையை அடைத்துக்கொள்ளும். பின்னால் வருவது அதில் முட்டி வேறு தடத்துக்குத் திரும்பும். 'இரண்டும் ஆம் என்றால்தான் ஆம்' என்ற தர்க்கம் இப்படியே உருவாகிவிடுகிறது. ஒரு விடையைப் பிரதியெடுத்து இரண்டு இடங்களுக்கு அனுப்புவதுதான் நடக்கவில்லை. ஒரு கட்ட அளவு ரோபோக்களால் மட்டும் அது முடியவே முடியாது என்று நிரூபணமும் ஆயிற்று. இரண்டு கட்ட நீளமுள்ள ரோபோவைச் சேர்த்ததும் வழி திறந்தது. 2015-இல் நினைவகத்துக்கும் வடிவமைப்பு வந்தது.

நேயர்களே, கட்டம் போட்ட தாளில் இரண்டு பொத்தான்களும் சில தடைகளும் வைத்து, இன்றிரவே அந்த இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.