டிசம்பர்ல மட்டும் பனி விழுந்த வெப்சைட்கள்

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு மாசம் கேப் விழுந்துடுச்சு. ஆபீஸ்ல ரிலீஸ். மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு டேட்டாபேஸ் இல்ல, ஏஐ இல்ல. பனி பத்திப் பேசப்போறேன். ஊட்டிப் பனி இல்ல, ஸ்க்ரீன்ல விழுந்த பனி.

எனக்கு சொந்த ஊர் நாகர்கோவில். டிசம்பர் பிறந்தா எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். எங்க வீட்ல கிறிஸ்மஸ் கிடையாது. ஆனா எதிர்வீட்டு ஸ்டாரோட சிவப்பு வெளிச்சம் எங்க ஹால் சுவர்ல விழும், அதனால எங்களுக்கும் அது பண்டிகை மாசம்தான். 2007-ல நான் அஞ்சாம் கிளாஸ். அந்த எதிர்வீட்டு அண்ணன்தான் என்னை முதல்முதலா பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனார். அரை மணி நேரம், 10 ரூபாய். ஏதோ ஒரு கேம்ஸ் சைட் திறந்தோம். மேலருந்து வெள்ளையா புள்ளி புள்ளியா விழ ஆரம்பிச்சுது. நான் மானிட்டர்ல தூசின்னு நினைச்சு விரலால துடைச்சேன். "டே மக்கா, அது பனிடே"ன்னு அண்ணன் சிரிச்சார். பனின்னு ஒண்ணை என் வாழ்க்கையில முதல்ல பார்த்தது அங்கதான், 15 இஞ்ச் சிஆர்டி மானிட்டர்ல, உள்ள ஒரே புழுக்கம்.

பல வருஷம் கழிச்சு, வேலைக்கு வந்தப்புறம், அந்தப் பனி எப்படி விழுந்துச்சுன்னு பழைய ஸ்கிரிப்ட்களைத் தோண்டிப் பார்த்தேன். பெரிய மேஜிக் எதுவும் இல்ல. ஒரு நட்சத்திரக் குறி, அதாவது கீபோர்டுல 8-க்கு மேல இருக்கே, அதை ஒரு பெட்டிக்குள்ள போட்டு, சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கீழ நகர்த்துறது. அடியில போய்ச் சேர்ந்ததும் திரும்ப மேல கொண்டு வந்து விடுறது. இடம் வலமா ஆடுறதுக்கு ஒரு சைன் ஃபங்ஷன். பிளஸ் டூல எதுக்குடா இதைப் படிக்கிறோம்னு திட்டினோமே, அதே சைன்தான். இதையே நெட்ஸ்கேப்புக்கு ஒரு விதமா, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேற விதமா எழுதணும். அந்தக் காலத்து மெஷின்ல 30 புள்ளி விழுந்தாலே ஃபேன் சத்தம் ஏறிடும்.

இதுல ரொம்பப் பிரபலமானது ஸ்காட் ஷில்லர் எழுதின ஸ்னோஸ்டார்ம்ங்கிற ஸ்கிரிப்ட். 2003-லருந்து இருக்கு. மவுஸ் எந்தப் பக்கம் போகுதோ அதைப் பொறுத்து பனியை அடிக்கிற காத்தோட திசை மாறும். வேர்ட்பிரஸ் டாட் காம்ல இன்னும் சுலபம், செட்டிங்ஸ்ல ஒரு டிக். அதைப் போட்டா ஜனவரி 4 வரைக்கும் உங்க வலைப்பூவுல பனி விழும். சென்னையில வியர்த்து ஊத்துற வீட்ல உட்கார்ந்து கவிதை எழுதுறவங்க பக்கத்துலயும் பனி விழுந்துச்சு. இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு. அப்ப யாருக்கும் அது விநோதமா தெரியல.

கிளப் பென்குயின் விளையாடினவங்க இதைக் கேட்கிறீங்களா? 2005-ல ஆரம்பிச்சு 2017 மார்ச்ல மூடின கேம். அங்க வருஷம் முழுக்கப் பனிதான், அதனால டிசம்பர் வந்தா பனிக்குப் பதிலா மரம், லைட்டு, அலங்காரம். காசு கட்டி மெம்பர் ஆகாதவங்களால இக்ளூவுக்கு ஒரு நாற்காலிகூட வாங்க முடியாது. நான் கடைசி வரைக்கும் மெம்பர் ஆகல. வீட்ல கேட்கிற தைரியமே வரல. ஆனா பண்டிகை நாள்ல எல்லாருக்கும் ஓசியில ஒரு தொப்பி மாதிரி ஏதாவது தருவாங்க. அந்த ஒரு வாரம் மட்டும் யாரு மெம்பர், யாரு இல்லன்னு தூரத்துலருந்து பார்த்தா தெரியாது. எனக்கு அந்தத் தொப்பி இன்னும் ஞாபகம் இருக்குறதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

2011 டிசம்பர்ல கூகுள்ல 'லெட் இட் ஸ்னோ'ன்னு டைப் பண்ணா பனி விழும், கொஞ்ச நேரத்துல ஸ்க்ரீன் மொத்தமும் கண்ணாடி மாதிரி மூடிக்கும். மவுஸால தேய்ச்சா அழியும். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல 20 பேர் அதுல தங்கள் பேரை எழுதிக்கிட்டு இருந்தோம். சார் வந்து மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டார்.

சரி, தீபாவளிக்கு? ஆர்குட்ல ஸ்கிராப் வரும். மினுமினுன்னு எரியிற அகல்விளக்கு ஜிஃப், ஒரே படம் 14 பேர்கிட்டருந்து. அது ஆளுங்க ஆளுங்களுக்கு அனுப்பினது. வெப்சைட்டே தீபாவளி கொண்டாடி நான் சின்ன வயசுல பார்த்த ஞாபகம் ரொம்பக் கம்மி. ஏன்னு ரொம்ப நாள் யோசிக்கல. நானே ஒண்ணு எழுதினப்பதான் புரிஞ்சுது.

2023. சென்னையில ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். எங்க டீமுக்குள்ள மட்டும் பயன்படுத்துற ஒரு டாஷ்போர்டு, சர்வர் எல்லாம் உயிரோட இருக்கான்னு பார்க்கிறதுக்கு. அதுல தீபாவளிக்கு ஓரத்துல ஒரு சின்ன விளக்கும் நாலு மத்தாப்புப் பொறியும் வைக்கலாம்னு உட்கார்ந்தேன். கிறிஸ்மஸா இருந்தா ஒரே வரி: மாசம் 11, தேதி 25. ஜாவாஸ்கிரிப்ட்ல மாசம் பூஜ்ஜியத்துலருந்து ஆரம்பிக்கும், டிசம்பர்னா 11. அந்த ஒரு வரியை எழுதினவர் வேலையை விட்டுப் போனாலும், வருஷா வருஷம் பனி தானா விழும். தீபாவளிக்கு அப்படி முடியாது. அமாவாசைக் கணக்கு. 2023-ல நவம்பர் 12, 2024-ல அக்டோபர் 31, 2025-ல அக்டோபர் 20. ஒவ்வொரு வருஷமும் யாராவது காலண்டரைப் பார்த்து ஒரு வரி சேர்க்கணும். ஒரு ஆள் ஞாபகம் வெச்சிருக்கணும்.

நான் 2023 தேதியை மட்டும் போட்டேன், யார்கிட்டயும் சொல்லல. ஒரு தப்பும் பண்ணேன். சர்வர் ஓடுறது யூடிசி நேரத்துல, நமக்கு அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. அதனால ராத்திரி 12 மணிக்கு எரிய வேண்டிய விளக்கு காலையில 5.30-க்கு எரிஞ்சுது.

நான் அப்ப ஊர்ல, தலையில எண்ணெயோட நிக்கிறேன். போன் அடிச்சுது. நைட் சப்போர்ட்ல இருந்த ஒருத்தர், என்னைவிட மூத்தவர், அதுக்கு முன்னாடி நாங்க டிக்கெட் நம்பரைத் தவிர வேற எதுவும் பேசினதில்ல. "ப்ரோ, டாஷ்போர்டுல மத்தாப்பு வருது, நீங்க வெச்சதா?" சர்வர் ஏதோ விழுந்துடுச்சுன்னு எனக்குப் பதறிடுச்சு. ஆமா ப்ரோ, சாரி, எடுத்துடட்டுமான்னு கேட்டேன். "வேணாம். இங்க மொத்த ஃப்ளோர்லயும் நான் ஒருத்தன்தான் இருக்கேன்"னார். அவ்வளவுதான், வெச்சுட்டார். அந்த டாஷ்போர்டு பண்டிகை அன்னைக்கு யாருக்குத் திறந்திருக்கும்னு நான் ஒரு நிமிஷம்கூட யோசிச்சது கிடையாது.

திங்கட்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். திட்டல, ஆனா ஒரு கேள்வி கேட்டார்: "ஆன்ட் டிசைன் கதை தெரியுமா?" அப்புறம்தான் படிச்சேன். சீனாவுலருந்து வந்த, ஏகப்பட்ட கம்பெனிகள் பயன்படுத்துற யூஐ லைப்ரரி. 2018 டிசம்பர் 25 அன்னைக்கு, அதைப் பயன்படுத்தின சைட்கள்ல பட்டன் மேலெல்லாம் திடீர்னு பனி உட்கார்ந்திருக்கு. உள்ள ஒளிச்சு வெச்ச கோடு, யாருக்கும் சொல்லல. தங்களோட சைட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு பயந்தவங்க, கிளையன்ட்கிட்ட பதில் சொல்ல முடியாம நின்னவங்க ஏராளம். எழுதினவங்க மன்னிப்புக் கேட்டாங்க. அடுத்த வருஷமே விஎஸ் கோடு இன்சைடர்ஸ்ல செட்டிங்ஸ் ஐகானுக்கு சான்டா தொப்பி போட்டு, ஒருத்தர் புகார் பண்ணி, தொப்பியை எடுத்துட்டுப் பனித்துகளை வெச்சு, எடுத்ததுக்கு நூறு பேர் சண்டைக்கு வந்து... அது தனி எபிசோடு.

மேனேஜர் பக்கம் நியாயம் இருக்கு. சும்மா சொல்லல. அசையுற பொருளைப் பார்த்தா தலை சுத்துற ஆளுங்க இருக்காங்க, ஆபரேட்டிங் சிஸ்டத்துல அனிமேஷன் குறைக்கிற செட்டிங் இருக்கிறதே அவங்களுக்காகத்தான். என் மத்தாப்பு அந்த செட்டிங்கைப் பார்க்கவே இல்ல. அதனால எல்லாத்தையும் சரி பண்ணேன்: ஆஃப் பண்ண ஒரு சுவிட்ச், அனிமேஷன் வேண்டாங்கிறவங்களுக்கு அசையாத விளக்கு, தேதிகளுக்குத் தனியா ஒரு ஃபைல், என்ன ஏதுன்னு நாலு வரி விளக்கம். யூடிசி விஷயத்தை மட்டும் தொடல. 5.30 நல்ல நேரம்னு விட்டுட்டேன்.

இப்ப பெரிய ஆப்கள்ல தீபாவளிக்கு ஐகான் மாறுது, திறந்தா பட்டாசு வெடிக்குது, பின்னாடியே 70 சதவீதம் தள்ளுபடி. மார்க்கெட்டிங் டீம் போன மாசமே ஷெட்யூல் பண்ணது. அழகாத்தான் இருக்கு, எனக்குத்தான் அதை விரலால துடைச்சுப் பார்க்கத் தோணல.

2024 ஆகஸ்ட்ல நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்துட்டேன். அந்தத் தேதி ஃபைல்ல ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு, 2023. அந்த வருஷம் வடக்குல தீபாவளி 31-ஆ 1-ஆன்னே குழப்பம். 31-ம் தேதி ராத்திரி எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு, அதே நைட் சப்போர்ட் ப்ரோகிட்டருந்து. ஓரத்துல விளக்கு எரியுது. ஃபைல்ல இரண்டாவது வரியை அவரே சேர்த்திருக்கார், கோடு எழுதுறவர் இல்ல, டெவலப்பர் ஒருத்தர்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டு.

ஸ்க்ரீன்ஷாட்ல நேரத்தைப் பார்த்தேன். சரியா 12.00. யூடிசி பிரச்சினையையும் சேர்த்துச் சரி பண்ணிட்டாங்க. கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு, 5.30-தான்யா நல்லா இருந்துச்சு.

அடுத்த எபிசோடுல அந்த சான்டா தொப்பிச் சண்டையைப் பார்ப்போம்.