பழைய தோட்ட உழவு யந்திரங்களைப் பேணுதல் தகுமா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



அமெரிக்காவிலே வீட்டுத் தோட்டத்துக்கென்றே சிறு உழவு யந்திரங்கள் பெருகிய காலம் ஒன்றுண்டு. 1946 இல் பொண்ட் குடும்பத்தார் இந்தியானா மாநிலத்தில் 'வீல் ஹோர்ஸ்' கொம்பனியைத் தொடங்கினர். 1961 இல் இன்ரர்நஷனல் ஹார்வெஸ்ரர் கொம்பனியார் 7 குதிரை வலுவுள்ள 'கப் கடெற்' யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இன்று அவற்றைத் தேடிச் சேர்த்துப் புதுக்குவோர் அங்கே பலர். இம்முயற்சி இன்னும் தகுமா?

பணத்தால் அளந்தால் தகாது என்பேன். உதிரிப்பாகம், வர்ணம், ரயர் என்று செலவிட்டது விற்கும்போது திரும்புவது அரிது. உழைத்த நாட்களுக்கோ கூலியே இல்லை.

ஆயினும் அவற்றின் அமைப்பை நோக்குங்கள். கப் கடெற்றில் பூட்டிய 'கோலர்' எஞ்சினின் சிலிண்டர் வார்ப்பிரும்பாலானது. தேய்ந்தால் உட்புறத்தைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். மீண்டும் பல்லாண்டு உழைக்கும். இன்றைய மலிவான புல்வெட்டி யந்திரங்கள் பலவற்றில் பழுதான பாகத்தை எறிந்துவிட்டுப் புதிதுதான் வாங்கவேண்டும்.

அதற்காகக் கொட்டகை நிறையக் குவித்துத் துருவேற விடலாமா? உரியவர் மறைந்தபின் அவை பிள்ளைகளுக்குப் பாரமாகி, பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேரும். ஒன்றைத் தேர்ந்து, செவ்வனே திருத்தி, நிலத்தில் ஓடவிடுவதே மேல்.

எந்த யந்திரத்தையும் திருத்தத் தெரிந்த நம் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள்: வேலை செய்கையில் ஓர் இளைஞனை அருகில் நிறுத்துங்கள். வால்வின் இடைவெளியைச் சரிபார்க்கும் விரலின் நுட்பம் ஏட்டில் முழுவதும் அடங்காது. அக்கைப்பழக்கம் இளையோரிடம் சேருமாயின், இம்முயற்சி தகும்.